ஊருக்குக் கொண்டுபோக ஒரு நல்ல வைன்

வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர்களின் பயணப்பெட்டியைத் திறந்தால் அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சுவிற்சர்லாந்து என்றால் சொக்கலேற். இலண்டன் என்றால் வாசனைச் சவர்க்காரமும் விற்றமின் குளிசையும். மத்திய கிழக்கு என்றால் பால்மாவும் போர்வையும். விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் கடைசி நேரத்தில் எடுக்கப்படும் விஸ்கிப் போத்தல் எல்லா நாட்டுக்கும் பொது. வைன் கொண்டுவருபவர்கள் குறைவு. கொண்டுவருபவர்களும் பெரும்பாலும் பெயர் பெரிதாக எழுதப்பட்ட பிரெஞ்சுப் போத்தல் ஒன்றையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது வீட்டு அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், வருடக்கணக்கில் நிற்கும். "வைன் பழசாகப் பழசாகத்தானே நல்லது" என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். பேத்தியின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அதைத் திறக்கும்போது உள்ளே இருப்பது பழுப்பு நிறமான, புழுங்கிய பழச்சாற்று மணமுள்ள ஒரு திரவமாக இருக்கும். நாகரிகம் கருதி எல்லோரும் "நல்லாயிருக்கு" என்பார்கள்.

பழசாகப் பழசாக நல்லது என்ற வாக்கியம் ஏறத்தாழ 12, 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், இருட்டில், அசையாமல் கிடக்கும் சில வகை வைன்களுக்கு மட்டுமே பொருந்தும். உலகில் விற்பனையாகும் வைனில் பெரும்பகுதி ஓரிரு வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. கொழும்பில் பகல் வெப்பம் வருடம் முழுவதும் 30 பாகையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சாதாரண வைன் அந்த வெப்பத்தில் சில மாதங்கள் நின்றாலே அவிந்துபோகும். போத்தலின் விலை எவ்வளவு என்பது வெப்பத்துக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழகக் கலைப்பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் சேர்ந்தபோது என்னைத் தொழிலுக்குப் பழக்கியவர் எங்கள் செய்தி ஆசிரியர். வெளிநாட்டுச் செய்திச் சேவைகளின் ஆங்கிலத் தாள்கள் ரெலிபிரின்ரரில் சுருள் சுருளாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு உண்டு. 'வைன்' என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் அவர் தடுமாறுவார். "திராட்சரசம் எண்டு போட்டால் வாசிக்கிறவன் கோயில் பூசையை நினைப்பான். மது எண்டு போட்டால் தவறணையை நினைப்பான். இது ரெண்டுக்கும் நடுவிலை ஏதோ ஒண்டு. என்னெண்டு எனக்கும் தெரியாது" என்பார். கடைசியில் 'திராட்சை மது' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு, திருப்தியில்லாமல் பேனாவை மூடுவார். குருநகரில் பிறந்த கத்தோலிக்கரான அவருக்குத் தெரிந்த வைன், பீடத்தில் குருவானவர் கையிலிருக்கும் பாத்திரத்தில் தூரத்திலிருந்து கண்டதும், தோலகட்டி ஆச்சிரமத்து வைன் நத்தாருக்கு ஒரு மிடறு கிடைத்ததும்தான்.

அவருக்கு இப்போது 83 வயது. ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் பாரிசுக்குப் புறப்படுவதை எப்படியோ அறிந்து தொலைபேசியில் அழைத்தார்.

"ஒரு நல்ல வைன் கொண்டு வாரும். பெயர் பெரிசா இருக்கவேணுமெண்டில்லை. கிழமைக்கு ஒரு சின்னக் கிளாஸ் எடுக்கலாமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நான் நாற்பது வருசமாய்ப் போட்ட சொல் சரியோ பிழையோ எண்டு போறதுக்கு முதல் பாக்கவேணும்."

முப்பது வருடங்களில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. திருத்தங்கள் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே இதைத் தீர்வையற்ற கடையின் கடைசி நிமிடத்துக்கு விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

செய்தியாளன் என்பதால் முதலில் யார், எங்கே, எப்போது, எப்படி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். யார் என்றால், வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல வைன் அருந்தப்போகும் ஒரு முதியவர். எங்கே என்றால், குளிரூட்டி இல்லாத, கடற்காற்று வீசும் ஒரு வீடு. எப்போது என்றால், திறந்த நாளிலிருந்து ஞாயிறு தோறும் ஒரு சிறு கிளாஸ். இந்த மூன்றாவதுதான் சிக்கலானது. சாதாரண வைன் போத்தலைத் திறந்தால் மூன்று, நான்கு நாள்களில் அதன் உயிர் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கலாம். ஆனால் மருமகளின் குளிர்சாதனப் பெட்டியில், பிள்ளைகளின் பாலுக்கும் தோசை மாவுக்கும் பக்கத்தில் அதற்கு இடம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் காட்டலாம்.

பாரிசில் என் தம்பி இருக்கிறான். நம்மவர்கள் பலரைப் போலவே அவனும் இருபது வருடங்களுக்கு மேலாக ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்கிறான். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது இறைச்சிப் பகுதியைப் பார்க்கிறான். வைனைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவுக்குப் புத்தகம் எழுதியவர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் ஊருக்கு என்று வந்தவுடன் அவனும் ஊர்க்காரனாகிவிட்டான்.

"அண்ணை, போர்தோ வாங்கிக்கொண்டு போங்கோ. அதுதான் ஆக்களுக்குப் பெயர் தெரியும்."

போர்தோவின் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. 1855ஆம் ஆண்டு பாரிசில் நடந்த கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், வைன் தரகர்கள் தங்களிடமிருந்த விலைக் கணக்குகளை வைத்து ஒரு தரவரிசையைத் தயாரித்தார்கள். லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரம். இரண்டாம் தரத்திலிருந்த மூத்தோன் ரொத்சில்ட் 1973இல் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. நூற்றைம்பது வருடங்களுக்கு மேற்பட்ட அந்தப் பட்டியலில் நடந்த பெரிய மாற்றம் அது ஒன்றுதான். நமது சாதிக் கட்டமைப்பைக்கூட இத்தனை கவனமாக யாரும் எழுத்தில் காப்பாற்றியதில்லை. இந்த ஐந்தில் ஒன்றை வாங்க நூற்றுக்கணக்கான யூரோ வேண்டும். வாங்கினாலும் இளம் போத்தலில் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். அது அடங்குவதற்குக் குளிர்ந்த நிலவறையில் பத்து, இருபது வருடம் வேண்டும். என் செய்தி ஆசிரியரிடம் நிலவறையும் இல்லை, இருபது வருடமும் இல்லை.

பழைய போத்தலாகவே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பழைய போத்தல் என்பது பழைய ஆவணம் போன்றது. அது யார் யார் கையில் இருந்தது என்று தெரியவேண்டும். 2008இல் நியூயோர்க்கில் ஓர் ஏலம் நடக்கவிருந்தது. பர்கண்டிப் பிரதேசத்தின் பொன்சோ குடும்பத்துக் குளோ சென்-தெனி வைன் போத்தல்கள், 1945 முதல் 1971 வரையான ஆண்டுகள் பொறிக்கப்பட்டவை, ஏலப் பட்டியலில் இருந்தன. அந்தக் குடும்பத்தின் தலைவர் லோரான் பொன்சோ நேரிலேயே போய் நிறுத்தினார். அவர்கள் அந்தத் தோட்டத்து வைனைச் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். போத்தல்களை ஏலத்துக்கு அனுப்பிய ரூடி குர்னியவான் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் புதிய வைன்களைக் கலந்து பழைய பெயர் ஒட்டியவர் என்பது பின்னர் நிரூபணமாகி, 2014இல் அவருக்குப் பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. உலகின் பெரிய பணக்காரர்களின் நாக்குகள் கண்டுபிடிக்காததை ஓர் ஆண்டுக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. திகதியைச் சரிபார் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த மனிதருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1976 மே 24ஆம் திகதி பாரிசில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, பெயரை மறைத்து ஒரு சுவைப் பரீட்சை நடத்தினார். நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னிய வைன்கள். அழைக்கப்பட்ட பத்திரிகையாளர்களில் போனவர் ஒரேயொருவர்: ரைம் சஞ்சிகையின் ஜோர்ஜ் ரேபர். முடிவு தெரிந்ததுதானே என்று மற்றவர்கள் போகவில்லை. எங்கள் தொழிலில் சேரும் இளைஞர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது.

ஆக, போர்தோ வேண்டாம் என்றேன். தம்பி கோபிக்கவில்லை. பர்கண்டி இன்னும் மென்மையானது. கட்டுநாயக்கவிலிருந்து வீடு வரைகூடத் தாங்குமோ தெரியாது. சம்பாஞ்சை அவனே விலக்கிவிட்டான். "மூடியைத் திறந்தால் அண்டைக்கே முடிக்கவேணும், அண்ணை. கிழமைக்கு ஒரு கிளாசுக்கு அது சரிவராது."

பிறகு அவன் தன் உணவகத்திலிருந்து ஒரு குள்ளப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தான். சுவிற்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியின் மஞ்சள் வைன். வழக்கமான போத்தல் 750 மில்லிலீற்றர் கொள்ளும், இது 620 மட்டும்தான். குறைந்தது ஆறு வருடங்களும் மூன்று மாதங்களும் பீப்பாயில் கிடக்கும். ஆவியாகிக் குறைவதை ஈடுசெய்து நிரப்பமாட்டார்கள். மேற்பரப்பில் நொதியம் ஒரு படலமாகப் படர்ந்து வைனை மூடிக் காக்கும். ஒரு லீற்றரில் கடைசியாக மிஞ்சுவது இவ்வளவுதான் என்பதால் இந்த அளவு என்பார்கள். திறந்த பிறகும் வாரக்கணக்கில் நிற்கும். தம்பி கொஞ்சம் ஊற்றித் தந்தான். முகர்ந்தவுடன் திடுக்கிட்டேன். அம்மாவின் அடுப்படி. வாதுமையும் காய்ந்த தோலும் எழுந்த மணத்துக்குள், தாளிதத்தில் போட்ட வெந்தயம் இருந்தது.

இது என் கற்பனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தரும் சொட்டலோன் என்ற சேர்மம், காற்றுப்பட்டு நெடுங்காலம் முதிர்ந்த சில வைன்களிலும் உண்டாகிறது. மஞ்சள் வைன் அவற்றில் ஒன்று. சொட்டலோனுக்கு ஒட்சிசனும் காலமும் வேண்டும், வெப்பம் இருந்தால் இன்னும் வேகமாகப் பெருகும். சாதாரண வைனுக்கு எவை எதிரிகளோ, அவையே இந்த மணத்துக்குத் தாய் தகப்பன். எங்கள் ஊருக்குப் போகவேண்டிய வைன் எந்தக் குடும்பத்தில் பிறந்திருக்கவேண்டும் என்பது அந்தக் கிளாசைப் பிடித்திருந்தபோதே எனக்கு விளங்கத் தொடங்கியது. மஞ்சள் வைனையே எடுத்திருக்கலாம். ஆனால் அது மிகவும் உலர்ந்தது, கடினமானது. முதல் தடவை குடிப்பவருக்குப் பக்கத்திலிருந்து விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். பொழிப்புரை தேவைப்படும் கவிதையை முதல் வகுப்பில் வைப்பதில்லை.

பாரிசிலிருந்து மூன்று நாள்களுக்கு லிஸ்பன் போனோம். தம்பியின் மகள் அங்கே படிக்கிறாள். போர்த்துக்கேயரின் தலைநகரில் நடக்கும் இலங்கைத் தமிழனுக்கு ஒரு வேடிக்கையான அனுபவம் காத்திருக்கிறது. பாண் கடையில் பாண் என்ற சொல்லே காதில் விழும். மேசையும் அலுமாரியும் அவர்களுடைய சொற்கள்தான். பீப்பாய் என்று நாம் சொல்வதும் அவர்களுடைய 'பிப்பா'தான். 1505இல் வந்து 1658 வரை எங்கள் கரையோரங்களில் இருந்தவர்கள் கோயில்களை இடித்துவிட்டு, வீட்டுக்குள் இந்தச் சொற்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பைஷா பகுதியில் ஒரு பழைய வைன் கடை. நான் தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு சிவப்பு வைனைக் கையில் எடுத்திருந்தேன். கடைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம், ஆங்கிலத்தில் மூன்று கேள்விகள் கேட்டார். எங்கே கொண்டுபோகிறீர்கள்? அங்கே வெப்பமா? எத்தனை பேர் குடிப்பார்கள்? பதில்களைக் கேட்டுவிட்டு என் கையிலிருந்த போத்தலை மெதுவாக வாங்கி அதன் இடத்திலேயே வைத்தார். அடுத்து நான் போர்ட் வைன் பக்கம் திரும்பினேன். அதிலும் ஆண்டு பொறித்த வின்ரேஜ் வகை, திறந்தால் ஒன்றிரண்டு நாள்களில் குடித்து முடிக்கவேண்டியது. பீப்பாயில் முதிர்ந்த ரோனி வகை சில வாரங்கள் தாங்கும், அது பரவாயில்லை என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே என்னைக் கடையின் பின்பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே மதெய்ரா இருந்தது.

அத்திலாந்திக் சமுத்திரத்தில், மொரோக்கோவுக்கு மேற்கே, போர்த்துக்கலுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு மதெய்ரா. சொல்லின் பொருள் மரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் போன பாய்க்கப்பல்கள் தண்ணீரும் வைனும் ஏற்றிக்கொள்ளும் துறை அது. கப்பலின் அடித்தட்டில், வெப்பமண்டலப் புழுக்கத்தில், மாதக்கணக்கில் ஆடிக்கொண்டு போன வைன் கெட்டுப்போகாமல் முன்னையைவிட நன்றாக இருப்பதைக் கவனித்தார்கள். விற்கப்படாமல் திரும்பி வந்த பீப்பாய்கள் அதிலும் நன்றாக இருந்தன. பிறகு வைனை வேண்டுமென்றே கீழைத்தேயத்துக்கு அனுப்பித் திருப்பி எடுத்தார்கள். சுற்றிவந்த வைன் என்று அதற்குத் தனிப் பெயரும் தனி விலையும் இருந்தன. இந்து சமுத்திரத்தைக் கண்டு திரும்பியதற்கு மதிப்பு அதிகம்!

கப்பல் கூலி கட்டுப்படியாகாமல் போனதும் அதே வெப்பத்தைத் தீவிலேயே உண்டாக்கினார்கள். இன்று மலிந்த வகைகளைத் தொட்டிகளில் 45 முதல் 50 பாகை வரை சூடாக்கிக் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். நல்ல வகைகள் கூரைக்குக் கீழேயுள்ள தட்டுகளில், வெயில் காயும் இடத்தில், பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கின்றன. திராட்சையிலிருந்து வடித்த சாராயம் சேர்ப்பதால் மதுசாரம் ஏறத்தாழ 19 வீதம். அதனுடன் எரிமலை மண்ணின் கூர்மையான புளிப்பு. அவிக்கவேண்டியதை ஏற்கெனவே அவித்தாயிற்று, காற்றுப் படவேண்டியது பட்டாயிற்று. எங்கள் ஊர் வெயில் அதை இனி என்ன செய்துவிடும்? திறந்த போத்தல் மாதக்கணக்கில் நிற்கும். படுக்கவைக்கத் தேவையில்லை, நிமிர்த்தியே வைக்கலாம் என்றார் கடைக்காரர்.

பாரம்பரிய வகைகள் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு திராட்சையின் பெயர். செர்சியால் உலர்ந்தது. வெர்டெல்யோ அதைவிடச் சற்று இனியது. போவால் இனிப்புப் பக்கம் சாய்ந்தது. மால்வசியா முழு இனிப்பு. கடைக்காரர் முதலாவதையும் மூன்றாவதையும் சிறு கிளாஸ்களில் தந்தார். செர்சியால் எனக்குப் பிடித்தது. பல்லைக் கூச வைக்கும் அந்த நேர்மைக்காக. ஆனால் வாங்குவது எனக்கல்லவே. போவாலில் கருகிய சீனியும் தோடம்பழத் தோலும், அடியில் மீண்டும் அதே வெந்தயமும் இருந்தன. விழுங்கியபின் இனிப்பு ஒட்டிக்கொண்டு நிற்காமல் புளிப்பு வந்து துடைத்துவிட்டது. பத்து வருட போவால் ஒன்றை எடுத்தேன். முப்பது யூரோவைச் சற்றுத் தாண்டிய விலை. பாரிசில் எனக்குக் காட்டப்பட்ட போர்தோவின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கென்று வாங்கியது வேறு. லிஸ்பனுக்கு மேற்கே, கடலை ஒட்டிய கொலாரஸ் என்ற இடத்தில் மணலில் திராட்சை வளர்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தபோது, மணலுக்குள் அதனால் புக முடியவில்லை. மற்ற இடங்களில் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் நட்டார்கள். கொலாரசில் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. அதே காலத்தில், 1869இல், இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் தோன்றியது. எங்களுக்கு மணல் இருக்கவில்லை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. அந்தக் கதையால்தான் கொலாரஸ் சிவப்பு வைனில் அரை லீற்றர் போத்தல் ஒன்றை எடுத்தேன். கொழும்புக்கு வந்த கிழமையே, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, மனைவி அவித்த நண்டுடன் குடித்து முடித்தேன். உறைப்பு இல்லாமல் அவித்த நண்டு என்பதைச் சொல்லவேண்டும். துவர்ப்பும் மதுசாரமும் மிகுந்த சிவப்பு வைனை யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுக்கு எதிரே வைத்தால் இரண்டும் சேர்ந்து நாக்கைப் பொசுக்கும். கறிக்குத்தான் வேண்டுமென்றால், 8, 9 வீத மதுசாரத்துடன் மெல்லிய இனிப்புள்ள ஜேர்மனிய மோசல் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் பொருந்தும்.

கொண்டுவருவதைப் பற்றி ஓரிரு வார்த்தைகள், கேட்பவர்கள் பலர் இருப்பதால். 2006இல் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி இலண்டனில் அம்பலமானதைத் தொடர்ந்து, கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டுசெல்வதற்குத் தடை வந்தது. இடையில் விமானம் மாறுபவர்கள் முதல் விமான நிலையத்தில் வாங்கிய போத்தலை இரண்டாவதில் பறிகொடுப்பது உண்டு. பெரிய பெட்டிக்குள், நடுவில், சாரத்தால் சுற்றிப் பிளாஸ்ரிக் பையில் கட்டி வைப்பதே நல்லது. மதுசாரம் 24 வீதத்துக்கு உட்பட்டால் விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை. நிறுவைதான் வரம்பு, ஒரு போத்தல் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. சுங்கத் தீர்வையற்ற அளவு வேறு விடயம், அது நாட்டுக்கு நாடு வேறுபடும், அவ்வப்போது மாறும். புறப்பட முன்னர் பார்த்துக்கொள்ளுங்கள். மதெய்ராவுக்கும் சுங்கத்துக்கும் பழைய பகை ஒன்றும் உண்டு. 1768இல் பொஸ்ரனில் ஜோன் ஹன்கொக்கின் லிபேர்ட்டி என்ற கப்பலைப் பிரித்தானிய சுங்கம் கைப்பற்றியது மதெய்ரா வைனுக்கான தீர்வைத் தகராற்றில்தான். ஊர் கொந்தளித்தது. எட்டு வருடங்களுக்குப் பின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் கீழ் முதல் கையெழுத்தைப் பெரிதாக இட்டவர் அந்த ஹன்கொக். கட்டுநாயக்கவில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்கழி நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் போனேன். இரவுப் பஸ்ஸின் அடிப்பெட்டியில் எட்டு மணி நேரம், பிறகு முச்சக்கரவண்டி. வேறு வைனாக இருந்தால் நெஞ்சு பதைத்திருக்கும்.

செய்தி ஆசிரியர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் போத்தலில் ஒட்டியிருந்ததை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். இலக்கம், மதுசார அளவு, கொள்ளளவு, ஊர்.

"ஆண்டைக் காணேல்லையே?"

இது பல ஆண்டு வைன்களின் கலவை, 'பத்து வருடம்' என்பது அதன் முதிர்ச்சியின் தரம், ஒற்றை ஆண்டு போட்டது வேறு வகை என்று விளக்கினேன்.

"அப்ப இது திகதி போடாத செய்தி" என்றார்.

வைன் கிளாஸ் வீட்டில் இல்லை. மருந்து குடிக்கும் சிறிய கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்தது மருமகள்தான். நத்தாருக்கென்று சுட்டு வைத்திருந்த பயத்தம் பணியாரத்தையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். பெரியவர் முதலில் முகர்ந்தார். வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு சொட்டு அளவு நாக்கில் விட்டார்.

"பனங்கட்டி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "காய்ச்சேக்கை அடிப்பிடிச்ச பனங்கட்டி. அதோடை தோடம்பழத் தோல். புளியும் கிடக்கு."

வெந்தயத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மிடறுக்குப் பிறகு அவர் மருமகளைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, மத்தியானம் என்ன, பால்கறிக்கு வெந்தயம் கூடப் போட்டனீரோ? இஞ்சை மணக்குது."

கிளாசை முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நாங்கள் பழைய அலுவலகத்தைப் பற்றிப் பேசினோம். இறந்தவர்களையும், காணாமற்போனவர்களையும், கனடாவுக்குப் போனவர்களையும் பற்றி. எழும்பும்போதுதான் சொல்லைப் பற்றிச் சொன்னார். திராட்சரசமும் பிழை, திராட்சை மதுவும் பிழை, இனி வைன் என்றே போடுங்கள் என்றார். எங்கள் பத்திரிகையில் பல வருடங்களாக வைன் என்றுதான் போடுகிறோம். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

போத்தல் அவரது அறை அலுமாரியில், வேதாகமத்துக்கும் அகராதிக்கும் நடுவில் நிமிர்ந்து நின்றது. பங்குனியில் மருமகள் வேறொரு அலுவலாகத் தொலைபேசியில் பேசியபோது விசாரித்தேன். இன்னும் இரண்டு விரற்கடை இருக்கிறதாம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாமா தானே அளந்து ஊற்றிக்கொள்கிறார், ருசி மாறவில்லையாம் என்றார். போன கிழமை தானும் ஒரு சொட்டுப் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, அதை அவருடைய மகனுக்குச் சொல்லவேண்டாம் என்றார்.